சிறுநீரகக் கல் அறுவை மருத்துவமும் ஏலமலைத் தொழிலாளரும்

சிறுநீரகக் கல் அறுவை மருத்துவம் என்பது சிறுநீரகத்திலோ சிறுநீர்க்குழாயிலோ தங்கி, தானாக வெளியேறாத கற்களை உடைத்தோ எடுத்தோ அகற்றும் முறைகளைக் குறிக்கும். இது யூராலஜி எனப்படும் சிறுநீரியல் துறையைச் சேர்ந்தது. இன்றைய முறைகளில் பெரும்பாலான கற்களைத் தழும்பே இல்லாமலோ, முதுகில் இடும் ஒரு சிறு துளை வழியாகவோ எடுத்துவிடலாம். ஆயினும் சிறுநீரகம் காக்கப்படுவது அறுவையை மட்டும் பொறுத்ததன்று. நோயாளி எவ்வளவு விரைவில் மருத்துவமனைக்கு வருகிறார், உடலுக்குள் வைக்கப்பட்ட குழாயை உரிய நாளில் எடுத்துக்கொள்கிறாரா, அதன்பின் போதிய தண்ணீர் குடிக்க முடிகிறதா என்ற மூன்றையும் அது பொறுத்துள்ளது. தேனி மாவட்டம் போடிநாயக்கனூரிலிருந்து ஏலமலைத் தோட்டங்களுக்கு வேலைக்குச் செல்வோரின் வாழ்க்கை முறையில் இம்மூன்றுமே எளிதில் தவறிப்போகக் கூடியவை.

இடமும் வேலையும்

போடிநாயக்கனூர் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் உள்ள நகரம். வழக்கில் போடி என்றே அழைக்கப்படுகிறது. இங்கிருந்து மலையேறும் சாலை 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, சுமார் 1,400 மீட்டர் உயரத்தில் உள்ள போடிமெட்டில் கேரள எல்லையை அடைகிறது. அதற்கு அப்பால் இடுக்கி மாவட்டத்தின் பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை, நெடுங்கண்டம், வண்டன்மேடு ஆகிய பகுதிகளில் ஏலத்தோட்டங்கள் பரந்துள்ளன. இந்தியாவின் ஏலக்காய் விளைச்சலில் பெரும்பகுதி இடுக்கி மாவட்டத்திலிருந்தே கிடைக்கிறது. நறுமணப் பொருள்கள் வாரியத்தின் ஏற்பாட்டில் நடக்கும் ஏலக்காய் ஏலங்கள் போடியிலும், வண்டன்மேட்டை அடுத்த புற்றடியிலும் நடைபெறுகின்றன.

தோட்ட வேலைக்காகப் போடி, தேனி, கம்பம் வட்டார ஊர்களிலிருந்து ஆண்களும் பெண்களும் விடியற்காலையில் ஜீப்பில் புறப்பட்டு மாலையில் வீடு திரும்புகின்றனர். காய் எடுப்பில் பெண்களே மிகுதி. ஏலச்செடியின் காய்கள், தூரின் அடியிலிருந்து கிளம்பித் தரையோடு நீளும் சரங்களில் பிடிப்பவை. எனவே குனிந்தோ தரையோடு அமர்ந்தோ மணிக்கணக்கில் காய் எடுக்க வேண்டியுள்ளது. எடுப்புக் காலம் ஆடி, ஆவணி வாக்கில் வேகம் பிடித்துத் தை, மாசி வரை நீளும். ஒரே செடியில் ஏறத்தாழ 30 முதல் 40 நாட்களுக்கு ஒருமுறை காய் எடுக்கப்படுகிறது.

இந்த வேலைநாளில் குடிக்கும் தண்ணீரின் அளவு குறைய மூன்று காரணங்கள் உள்ளன. முதலாவது, மரநிழலிலும் மலைக்குளிரிலும் தாகம் தெரிவதில்லை. இரண்டாவது, சரிவான காட்டில் தண்ணீரைச் சுமந்துகொண்டு நகர்வது சிரமம். மூன்றாவது காரணம் பெண்களுக்கு உரியது. கழிப்பறை இல்லாத இடத்தில் வேலை செய்யும்போதும், நீண்ட ஜீப் பயணத்தின்போதும் சிறுநீர் கழிக்க இடமில்லை என்பதால் அவர்கள் தண்ணீரையே குறைத்துக்கொள்கின்றனர். காயை உலர்த்தும் ஸ்டோர்களில் நிலைமை வேறு. அங்கே உலர்த்தும் அறையின் வெப்பம் 45 முதல் 55 பாகை செல்சியஸ் வரை இருக்கும் என்பதால் அருகில் வேலை செய்வோர் வியர்வையில் நீரை இழக்கின்றனர். வழி எதுவாயினும் முடிவு ஒன்றே. சிறுநீரின் அளவு குறைந்து, அதிலுள்ள உப்புகளின் அடர்த்தி கூடுகிறது.

வெப்பமான வேலைக்கும் கல்லுக்கும் உள்ள தொடர்பைக் காட்டும் ஆய்வு ஒன்று பிரேசில் நாட்டு உருக்காலைத் தொழிலாளரிடம் நடத்தப்பட்டு 2005 இல் வெளியானது. வெப்பம் மிகுந்த பிரிவுகளில் வேலை செய்தோரில் 8 விழுக்காட்டினருக்கும், சாதாரண வெப்பநிலையில் வேலை செய்தோரில் 0.9 விழுக்காட்டினருக்கும் கல் காணப்பட்டது.

கல் உருவாகும் விதம்

சிறுநீரகங்கள் இரத்தத்தை வடிகட்டிச் சிறுநீரைப் பிரிக்கின்றன. அது சிறுநீர்க்குழாய் வழியாகச் சிறுநீர்ப்பைக்கு இறங்கி, அங்கிருந்து புறவழியாக வெளியேறுகிறது. சிறுநீர்க்குழாயின் உள்விட்டம் சில மில்லிமீட்டர் மட்டுமே. அது சிறுநீரகத்திலிருந்து தொடங்கும் இடம், இடுப்பெலும்பின் மேலுள்ள இரத்தக் குழாய்களைக் கடக்கும் இடம், சிறுநீர்ப்பைக்குள் நுழையும் இடம் ஆகிய மூன்றும் குறுகலானவை. கற்கள் பெரும்பாலும் இம்மூன்று இடங்களிலேயே சிக்குகின்றன.

சிறுநீரில் கரைந்துள்ள உப்பு அளவு மீறும்போது படிகமாகிறது. படிகங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து கல்லாகின்றன. பெரும்பாலான கற்கள் கால்சியம் ஆக்சலேட் வகையைச் சேர்ந்தவை. கால்சியம் பாஸ்பேட், யூரிக் அமிலம் ஆகியவற்றாலான கற்களும் உண்டு. சிறுநீர்ப் பாதையில் சிலவகைக் கிருமிகள் தொடர்ந்து தங்கினால், சிறுநீரகத்தின் உட்குழிவு முழுவதையும் நிரப்பி, மான்கொம்பு போலக் கிளைவிட்டு வளரும் தொற்றுக் கற்கள் தோன்றலாம். மிகச் சிலருக்குப் பரம்பரைக் குறைபாட்டால் சிஸ்டைன் கற்கள் வருகின்றன.

அறிகுறிகளும் ஆய்வுகளும்

சிறுநீரகத்தில் அசையாமல் இருக்கும் கல் பல ஆண்டுகள் வலியின்றி இருக்கலாம். அது சிறுநீர்க்குழாயில் இறங்கி அடைக்கும்போது விலாப்புறத்தில் தொடங்கி அடிவயிறு, தொடையிடுக்கு வரை பரவும் கடும் வலி ஏற்படுகிறது. வலி அலையலையாக வந்து தணியும். குமட்டல், வாந்தி, சிறுநீரில் இரத்தம், அடிக்கடி சிறுநீர் கழிக்கும் உணர்வு ஆகியவையும் இருக்கலாம்.

வலியின் அளவு ஆபத்தின் அளவைக் காட்டுவதில்லை. அடைப்பு நீடிக்கும்போது சிறுநீரகத்தில் சிறுநீர் சுரப்பது குறைந்து, உள்ளழுத்தம் தணிந்து, வலி மறைந்துவிடக்கூடும். கல் விழுந்துவிட்டது என்று நோயாளி எண்ணிக்கொண்டிருக்க, சிறுநீரகம் வீங்கித் திசு மெலிந்துகொண்டே போகலாம். சில வாரங்கள் நீடிக்கும் முழு அடைப்பால் ஏற்படும் இழப்பு பின்னர் முழுமையாக மீள்வதில்லை. வலி வரும்போதெல்லாம் மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குச் செல்வது இந்த இழப்பை மறைக்கிறது. அவ்வாறு வாங்கும் வலி மாத்திரைகளில் பல, ஏற்கெனவே பாதிக்கப்பட்ட சிறுநீரகத்திற்கு மேலும் தீங்கு செய்பவை.

முதல் ஆய்வு வயிற்று ஸ்கேன் எனப்படும் ஒலியலைப் படம். சிறுநீரக வீக்கத்தை அது நன்கு காட்டும். ஆனால் சிறுநீர்க்குழாயின் நடுப்பகுதியில் உள்ள சிறு கல்லைத் தவறவிடலாம். சாய மருந்து செலுத்தாமல் எடுக்கும் சி.டி. ஸ்கேன் கல்லின் இடம், அளவு, கடினம் ஆகிய மூன்றையும் காட்டுகிறது. கருவுற்ற பெண்களுக்குக் கதிர்வீச்சைத் தவிர்க்க ஒலியலைப் படமே எடுக்கப்படுகிறது. இரத்தத்தில் கிரியாட்டினின் அளவும், சிறுநீரில் கிருமி வளர்ப்புச் சோதனையும் அறுவைக்கு முன் தேவைப்படுபவை.

காத்திருக்க வேண்டியதும் கூடாததும்

எல்லாக் கற்களுக்கும் அறுவை தேவையில்லை. சிறுநீர்க்குழாயில் உள்ள 5 மி.மீ.க்கும் குறைந்த கற்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தாமாகவே வெளியேறுகின்றன. 5 முதல் 10 மி.மீ. வரையுள்ள கற்களில் ஏறத்தாழப் பாதி வெளியேறும். வலி கட்டுக்குள் இருந்து, காய்ச்சல் இல்லாமல், சிறுநீரகம் நன்கு இயங்கினால் நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை மருத்துவக் கண்காணிப்பில் காத்திருக்கலாம். சிறுநீர்க்குழாயின் கீழ்ப்பகுதியில் உள்ள கல் எளிதில் இறங்க டாம்சுலோசின் போன்ற மருந்துகள் தரப்படுவதுண்டு.

வாழைத்தண்டுச் சாறு குடித்தால் கல் கரைந்துவிடும், பீர் குடித்தால் கல் வெளியேறிவிடும் என்ற நம்பிக்கைகள் பரவலாக உள்ளன. கால்சியம் கற்கள் எதைக் குடித்தாலும் கரைவதில்லை. இச்சாற்றைக் குடித்தபின் வெளியேறியதாகச் சொல்லப்படும் சிறு கற்கள் எப்படியும் வெளியேறியிருக்கக் கூடியவையே. மருந்தால் கரைக்கக்கூடியவை பெரும்பாலும் யூரிக் அமிலக் கற்கள். சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைக்கும் சிட்ரேட் மருந்துகளால் அவற்றைக் கரைக்கலாம்.

கீழ்க்காணும் நிலைகளில் ஒருநாளும் காத்திருக்கலாகாது.

- விலா வலியுடன் குளிர்க்காய்ச்சல் வருதல்
- சிறுநீர் முற்றிலும் நின்றுபோதல்
- ஒரே ஒரு சிறுநீரகம் உள்ளவருக்கு அடைப்பு ஏற்படுதல்
- இரு பக்கமும் ஒரே நேரத்தில் அடைப்பு ஏற்படுதல்
- வலியோ வாந்தியோ மருந்துக்குக் கட்டுப்படாமல் இருத்தல்

இவற்றுள் முதலாவது மிக ஆபத்தானது. அடைபட்ட சிறுநீரகத்தில் கிருமித் தொற்று ஏற்பட்டால் அது சில மணி நேரத்தில் இரத்தத்தில் பரவி உயிரைப் பறிக்கக்கூடும். அத்தகைய நிலையில் மருத்துவர்கள் உடனே கல்லை எடுப்பதில்லை. முதலில் சிறுநீர்க்குழாயில் ஸ்டென்ட் வைத்தோ, முதுகு வழியாகச் சிறுநீரகத்தில் குழாய் செருகியோ தேங்கிய நீரை வடிக்கின்றனர். தொற்று அடங்கிய பிறகே கல் அகற்றப்படுகிறது. ஊசி போட்டுக் காய்ச்சலைத் தணித்துக்கொண்டு மறுநாள் மலையேறுவது, இந்த வடிகாலுக்குரிய நேரத்தை இழப்பதாகும்.

வரலாறு

கல்லடைப்பு சித்த மருத்துவத்தில் நெடுங்காலமாக அறியப்பட்ட நோய். சுசுருத சம்கிதை, மருந்தால் தீராத சிறுநீர்ப்பைக் கல்லை விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட பகுதியில் கீறி எடுக்கும் முறையை விளக்குகிறது. அக்காலத்தில் அறுவைக்கு எட்டியது சிறுநீர்ப்பை மட்டுமே. சிறுநீரகத்தில் இருந்த கல்லை எவரும் தொடவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இந்தியாவில், சிறப்பாக வட பகுதிகளில், ஏழைச் சிறார்களுக்குச் சிறுநீர்ப்பைக் கல் மிகுதியாக இருந்தது. நீலகிரி மலையின் குன்னூரில் ஊட்டச்சத்து ஆய்வு நடத்திய இராபர்ட் மெக்காரிசன், சத்துக் குறைந்த உணவு தரப்பட்ட எலிகளுக்குக் கல் உருவாவதைக் காட்டினார். இந்தியாவில் கல் நோயின் காரணம் பற்றிய அவரது கட்டுரை 1931 இல் வெளியானது. உணவுமுறை மாறியபோது சிறுவர்களின் சிறுநீர்ப்பைக் கல் குறைந்தது. இன்று பெரியவர்களின் சிறுநீரகக் கல்லே பெரும் சிக்கலாக உள்ளது.

ஒரு சிறுநீரகத்தை எடுத்தாலும் மனிதர் வாழ முடியும் என்பதை 1869 இல் செருமனியின் ஐடல்பர்க் நகரில் குஸ்தாவ் சைமன் செய்த அறுவை மெய்ப்பித்தது. அதன்பின் ஒரு நூற்றாண்டுக் காலம், விலாவில் நீளக் கீறிச் சிறுநீரகத்தைத் திறப்பதே கல் எடுக்கும் வழியாக இருந்தது. 1976 இல் சுவீடனின் பெர்ன்ஸ்ட்ரோம், யொகான்சன் ஆகியோர் முதுகுத் துளை வழியே கல்லை எடுத்ததை வெளியிட்டனர். 1980 பிப்ரவரி 7 அன்று மியூனிக் நகரில் கிறிஸ்தியன் சௌசி குழுவினர் உடலுக்கு வெளியிலிருந்து அதிர்வலை செலுத்தி முதல் நோயாளியின் கல்லை உடைத்தனர். இதற்கான கருவியை உருவாக்கியது டோர்னியர் என்ற வானூர்தி நிறுவனம். ஒலியை மிஞ்சும் வேகத்தில் பறக்கும் வானூர்திகளில் ஏற்படும் அதிர்வலைகளை ஆராய்ந்தபோது கிடைத்த அறிவே இதற்கு அடிப்படை. ஏறத்தாழ இதே காலத்தில் சிறுநீர்க்குழாய்க்குள் செல்லும் உள்நோக்கிகளும் பயன்பாட்டுக்கு வந்தன.

அறுவை முறைகள்

எந்த முறை ஏற்றது என்பது கல்லின் அளவு, இடம், கடினம், சிறுநீரகத்தின் அமைப்பு, நோயாளியின் உடல்நிலை ஆகியவற்றைப் பொறுத்து முடிவு செய்யப்படுகிறது.

அதிர்வலை முறை: லித்தோட்ரிப்சி எனப்படும் இதில், மேசையில் படுத்திருப்பவரின் உடலுக்கு வெளியிலிருந்து அதிர்வலைகள் கல்லின் மீது குவிக்கப்படுகின்றன. கல் பொடிந்து, துகள்கள் அடுத்த சில வாரங்களில் சிறுநீரோடு வெளியேறும். கீறல் இல்லை, பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். 2 செ.மீ.க்குக் குறைந்த, மிகக் கடினமல்லாத கற்களுக்கு இது பொருந்தும். சிறுநீரகத்தின் கீழ் அறையில் உள்ள கற்களின் துகள்கள் எளிதில் மேலேறி வெளியேறுவதில்லை. கருவுற்றவர்களுக்கும், இரத்தம் உறையாத குறைபாடு உள்ளவர்களுக்கும், ஆறாத தொற்று உள்ளவர்களுக்கும் இது செய்யப்படுவதில்லை. ஒன்றுக்கு மேற்பட்ட முறை வர நேரலாம். ஒவ்வொரு வரவும் ஒருநாள் கூலியை இழக்கச் செய்வதால், மலை ஊரிலிருந்து வருவோர் இதைக் கணக்கில் கொண்டே முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டியுள்ளது.

உள்நோக்கி முறை: சிறுநீர்ப் புறவழி வழியாகவே மெல்லிய உள்நோக்கியைச் செலுத்தி, லேசர் கதிரால் கல்லைப் பொடியாக்குவது இம்முறை. சிறுநீர்க்குழாய்க் கற்களுக்கு விறைப்பான உள்நோக்கியும், சிறுநீரகத்திற்குள் இருக்கும் கற்களுக்கு வளையும் உள்நோக்கியும் பயன்படுகின்றன. பின்னது வழக்கில் ஆர்.ஐ.ஆர்.எஸ். எனப்படும். உடலில் கீறலே இல்லை. ஓரிரு நாட்களில் வீடு திரும்பலாம். ஆனால் பலருக்கு இதன் முடிவில் ஸ்டென்ட் வைக்கப்படுகிறது.

முதுகுத்துளை முறை: பி.சி.என்.எல். எனப்படும் இம்முறையில், எக்ஸ்ரே அல்லது ஒலியலைப் படத்தின் துணையுடன் முதுகிலிருந்து சிறுநீரகத்திற்கு ஊசி செலுத்தி, அந்த வழி சுமார் ஒரு செ.மீ. வரை விரிக்கப்படுகிறது. அதன் வழியே கருவியை நுழைத்துக் கல்லை உடைத்துத் துண்டுகளை வெளியே எடுக்கின்றனர். 2 செ.மீ.க்கு மேற்பட்ட கற்களுக்கும் மான்கொம்புக் கற்களுக்கும் இதுவே முதன்மை முறை. துளையை மேலும் குறுக்கிய 'மினி' வகைகளும் உள்ளன. பெரிய ஆய்வுத் தொகுப்புகளின்படி இம்முறைக்குப் பின் நூற்றில் ஏறத்தாழ 10 அல்லது 11 பேருக்குக் காய்ச்சலும், 7 பேருக்கு இரத்தம் ஏற்றும் தேவையும் ஏற்படுகின்றன. அறுவைக்கு முன் சிறுநீர்த் தொற்றைக் கண்டறிந்து ஆற்றுவது இதனால்தான் முக்கியமாகிறது. சில நாட்கள் மருத்துவமனையில் தங்கவும், சில வாரங்கள் சுமை தூக்காமல் இருக்கவும் வேண்டும்.

திறந்த அறுவையும் சிறுநீரக நீக்கமும்: கீறித் திறக்கும் அறுவை இன்று அரிதாகிவிட்டது. பிறவி அமைப்புக் குறைபாட்டைக் கல்லோடு சேர்த்துச் சீர்செய்ய வேண்டிய நிலைகளில் திறந்த முறையோ லேப்ராஸ்கோப்பி முறையோ கையாளப்படுகிறது. நீண்டகால அடைப்பால் செயலிழந்து, தொற்றும் வலியும் தந்துகொண்டிருக்கும் சிறுநீரகத்தை முழுமையாக அகற்ற நேரிடுகிறது. மற்றொரு சிறுநீரகம் நன்றாக இருந்தால் அதைக் கொண்டு இயல்பாக வாழலாம். ஆனால் அதன்பின் மீந்திருக்கும் சிறுநீரகத்தை அடைக்கும் ஒவ்வொரு கல்லும் அவசர நிலையாகிறது.

டிஜே ஸ்டென்ட்

இரு முனைகளும் சுருண்டிருக்கும் மெல்லிய நெகிழ் குழாய் டிஜே ஸ்டென்ட் எனப்படுகிறது. இவ்வடிவத்தை 1978 இல் அமெரிக்க மருத்துவர் ராய் பின்னி அறிமுகப்படுத்தினார். ஒரு சுருள் சிறுநீரகத்திலும் மற்றொன்று சிறுநீர்ப்பையிலும் தங்குவதால் குழாய் நழுவுவதில்லை. அறுவைக்குப்பின் சிறுநீர்க்குழாய் வீங்கி அடைபடாமலும், துகள்கள் வழியை மறிக்காமலும் இது காக்கிறது.

ஸ்டென்ட் உள்ளே இருக்கும் நாட்களில் அடிக்கடி சிறுநீர் வரும் உணர்வு, கழிக்கும்போது விலாவில் இழுக்கும் வலி, அலைச்சலுக்குப் பின் சிறுநீர் சிவத்தல் ஆகியவை இயல்பானவை. மலைச்சாலையின் ஜீப் குலுக்கலிலும் சுமை தூக்கும்போதும் இவை கூடலாம். நிறையத் தண்ணீர் குடித்து ஓய்வெடுத்தால் குறையும். காய்ச்சலோ இரத்தக் கட்டிகளோ வந்தால் உடனே மருத்துவரைக் காண வேண்டும்.

ஸ்டென்ட் நிரந்தரமானதன்று. பெரும்பாலும் சில நாட்கள் முதல் ஆறு வாரங்களுக்குள் அது எடுக்கப்பட வேண்டும். உணர்விழப்பு ஜெல் தடவி, உள்நோக்கி வழியே சில நிமிடங்களில் எடுத்துவிடலாம். எடுக்காமல் விட்டால் அதன் மேலேயே கல் படிகிறது. 1991 இல் வெளியான ஓர் ஆய்வில், ஆறு வாரத்திற்குள் எடுக்கப்பட்ட ஸ்டென்ட்களில் சுமார் 9 விழுக்காட்டிலும், ஆறு முதல் 12 வாரங்களில் எடுக்கப்பட்டவற்றில் 47 விழுக்காட்டிலும், 12 வாரத்திற்குப் பின் எடுக்கப்பட்டவற்றில் 76 விழுக்காட்டிலும் படிவு காணப்பட்டது. ஆண்டுக்கணக்கில் மறக்கப்பட்ட ஸ்டென்ட்டின் இரு முனைகளிலும் பெரிய கற்கள் வளர்ந்து, முதல் கல்லைவிடக் கடினமான அறுவைகள் தேவைப்படலாம். சில வேளைகளில் சிறுநீரகமே செயலிழந்துவிடுகிறது.

ஏலமலைத் தொழிலாளருக்கு இந்தக் கணக்கு நெருக்கமானது. காய் எடுப்பின் ஒரு சுற்றும், ஸ்டென்ட்டுக்குரிய காலக்கெடுவும் ஏறத்தாழ ஒரே அளவு. வலி போய்விட்டது, இந்த எடுப்பு முடியட்டும் என்று ஒரு சுற்றுத் தள்ளிப்போட்டால் ஆறு வாரம் நெருங்கிவிடும். அடுத்த சுற்றும் தள்ளிப்போனால் 12 வாரத்தை எட்டத் தொடங்கும். எனவே வீடு திரும்பும்போது தரும் சீட்டில் ஸ்டென்ட் வைக்கப்பட்டுள்ளதா, எந்தப் பக்கம், எடுக்க வேண்டிய தேதி எது என்ற மூன்றையும் தமிழில் எழுதி வாங்கிக்கொள்வதும், வீட்டில் மற்றொருவருக்கும் அந்தத் தேதியைச் சொல்லிவைப்பதும் நல்லது.

விளைவுகள்

அறுவையின் வெற்றி, கல் முழுமையாக நீங்கியதா என்பதைக் கொண்டு அளக்கப்படுகிறது. சிறுநீர்க்குழாய்க் கற்களில் உள்நோக்கி முறையால் பெரும்பாலோருக்கு ஒரே அறுவையில் கல் நீங்குகிறது. மான்கொம்புக் கற்களுக்கு இரண்டு அல்லது மூன்று கட்டங்கள் தேவைப்படலாம். அறுவைக்குச் சில வாரங்களுக்குப் பின் எடுக்கும் ஸ்கேனே கல் நீங்கியதை உறுதி செய்கிறது. வலி இல்லாமை அதற்குச் சான்றாகாது. எஞ்சிய துண்டுகள் புதிய கல்லுக்கு விதையாக அமைகின்றன.

இரண்டாவது அளவுகோல் சிறுநீரகத்தின் செயல்திறன். அடைப்பு விரைவில் நீக்கப்பட்டால் கிரியாட்டினின் அளவு இயல்புக்குத் திரும்பும். தாமதமானால் ஓரளவே மீளும். இரு சிறுநீரகங்களும் செயலிழந்தால் டயாலிசிஸ் அல்லது மாற்று அறுவையே வழி. இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவைகளில் ஒன்று 1971 இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் நடந்தது. இன்று அத்தகைய அறுவைகள் பல இடங்களில் நடந்தாலும், கொடையாளிக்கான காத்திருப்பும் வாழ்நாள் முழுவதற்குமான மருந்துச் செலவும் தொடர்கின்றன. உரிய நேரத்தில் எடுக்கப்படும் ஒரு கல் இவையனைத்தையும் தவிர்க்கக்கூடியது.

மூன்றாவது அளவுகோல் கல் மீண்டும் வருவது. தடுப்பு முறை எதையும் பின்பற்றாதவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் பத்து ஆண்டுகளுக்குள் கல் திரும்புகிறது.

மீண்டும் வராமல் தடுத்தல்

முதன்முறை கல் வந்த 199 பேரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த இத்தாலிய ஆய்வு 1996 இல் வெளியானது. நாளொன்றுக்கு 2 லிட்டர் சிறுநீர் கழியும் அளவுக்குத் தண்ணீர் குடித்தவர்களில் 12 விழுக்காட்டினருக்கும், பழக்கத்தை மாற்றாதவர்களில் 27 விழுக்காட்டினருக்கும் கல் திரும்பியது. தண்ணீர் தவிர வேறு மருந்து எதுவும் தரப்படவில்லை. அதே நாட்டில் 2002 இல் வெளியான மற்றோர் ஆய்வு, பால் பொருள்களைக் குறைத்தவர்களைவிட, வழக்கமான அளவு கால்சியத்துடன் உப்பையும் இறைச்சியையும் குறைத்தவர்களுக்கே கல் குறைவாகத் திரும்பியதைக் காட்டியது. எனவே கல் வந்தவர் பால், தயிர், மோரை நிறுத்த வேண்டியதில்லை. கருவாடு, ஊறுகாய், அப்பளம் போன்ற உப்பு மிகுந்தவற்றைக் குறைக்க வேண்டும். பாலக் கீரை போன்று ஆக்சலேட் மிகுந்தவற்றை அளவோடு உண்ணலாம். எலுமிச்சைச் சாற்றில் உள்ள சிட்ரேட் படிகங்கள் சேர்வதைத் தடுக்க உதவும்.

நாள் முழுதும் பரவலாகத் தண்ணீர் குடிப்பதே சிறந்தது. விடியலில் எழுந்ததும், ஜீப்பிலிருந்து இறங்கி வேலை தொடங்கும்போதும், சாப்பாட்டு நேரத்திலும், மாலையிலும், படுக்கைக்கு முன்பும் எனப் பிரித்துக்கொள்ளலாம். சிறுநீர் வெளிர்நிறமாக இருப்பது போதிய நீரின் அடையாளம்; அடர்மஞ்சளாக இருந்தால் குடித்தது போதவில்லை. எடுத்த கல்லைச் சோதனைக்கு அனுப்பி அதன் வகையை அறிந்தால், தேவைப்படுவோருக்கு அதற்கேற்ற மருந்தும் தரலாம்.

தண்ணீர் குடிப்பதைத் தொழிலாளரின் பொறுப்பாக மட்டும் விட முடியாது. 1951 ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வேலையிடத்தில் குடிநீர், ஆண் பெண் இருவருக்கும் தனித்தனிக் கழிப்பறை, மருத்துவ வசதி ஆகியவற்றை வழங்குவதை உரிமையாளரின் கடமையாக்கியது. ஏலத்தோட்டங்களும் அதில் அடங்கின. 2020 ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, உடல்நலம் மற்றும் பணிநிலைமைகள் தொகுப்புச் சட்டத்தில் இச்சட்டம் இணைக்கப்பட்டது. 5 ஹெக்டேருக்குக் குறைந்த சிறு தோட்டங்கள் பொதுவாக 1951 சட்டத்தின் வரம்புக்குள் வரவில்லை. அத்தகைய தோட்டங்களில் கழிப்பறையும் குடிநீரும் உரிமையாளரின் விருப்பத்தைப் பொறுத்தே அமைந்தன.

மருத்துவ வசதியும் காப்பீடும்

போடியிலுள்ள அரசு மருத்துவமனை இப்பகுதியினருக்கு முதலில் எட்டும் இடம். அடுத்த நிலையில், தேனிக்கும் ஆண்டிப்பட்டிக்கும் இடையே க.விலக்கில் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது. சிறுநீரியல் தனித்துறையுடன் இயங்கும் மதுரை அரசு இராசாசி மருத்துவமனை போடியிலிருந்து ஏறத்தாழ 90 கி.மீ. தொலைவில் உள்ளது. அகலப்பாதைப் பணிக்காக 2010 இறுதியில் நின்ற மதுரை–போடி இரயில் சேவை 2023 ஜூனில் போடி வரை மீண்டும் தொடங்கியது. மறுசோதனைக்காக மதுரை சென்றுவருவோருக்கு அது ஒரு குறைந்த செலவு வழி.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012 முதல் செயல்படுகிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட தமிழ்நாட்டுக் குடும்பங்கள் அரசு மருத்துவமனைகளிலும் பட்டியலிடப்பட்ட தனியார் மருத்துவமனைகளிலும் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். சிறுநீரகக் கல்லுக்கான அறுவைகளும் இதில் அடங்குகின்றன. குடும்ப அட்டை, கிராம நிர்வாக அலுவலரிடம் பெறும் வருமானச் சான்று, ஆதார் அட்டை ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மையத்தில் பதிவு செய்துகொள்ளலாம். கேரளத் தோட்டத்தில் வேலை செய்தாலும் தமிழ்நாட்டில் குடும்ப அட்டை உள்ளவர் இத்திட்டத்தில் சேரலாம். காப்பீடு அறுவைச் செலவை ஏற்கிறது. வேலைக்குச் செல்லாத நாட்களின் கூலியை அது ஈடுசெய்வதில்லை. ஸ்டென்ட் எடுக்கும் நாளும், மறு ஸ்கேன் நாளும் தள்ளிப்போவதற்கு இந்தக் கூலி இழப்பு ஒரு முக்கியக் காரணமாகும்.